ஹலோ வரவேண்டிய இடம்

பிடித்த பாட்டு ஒன்றை வெறுக்கவேண்டும் என்று யாருக்காவது ஆசை இருந்தால் சுலபமான வழி ஒன்று இருக்கிறது, அதைக் காலை அலாரமாக வைத்துவிடுங்கள். நான் அப்படி மூன்று நல்ல பாட்டுகளைக் கொன்றிருக்கிறேன். அதில் ஒன்றின் தொடக்கத்தில் ஒரு புல்லாங்குழல் வரும், கல்லூரி நாட்களில் அதைக் கேட்டாலே உள்ளே ஏதோ இளகும். ஆறு மாதம் அலாரமாக இருந்த பிறகு அந்தக் குழல் எங்கே கேட்டாலும் வயிற்றைப் பிசைகிறது, கை தானாகத் தலையணைக்கு அடியில் போனைத் துழாவப் போகிறது. குழலில் ஒரு சுரம்கூட மாறவில்லை, பாட்டு அதே பாட்டுதான்.

இதை ஒரு வேடிக்கையாகத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், அப்பாவின் ரிங்டோன் விஷயம் நடக்கும்வரை.

அப்பாவுக்கு இசையில் பெரிய ஈடுபாடெல்லாம் கிடையாது. போன் வாங்கிய அன்று தம்பி ஏதோ ஒரு பழைய பாட்டை ரிங்டோனாக வைத்துக் கொடுத்தான். அதை மாற்ற அவருக்குத் தெரியவில்லை, மாற்றவேண்டும் என்று தோன்றவும் இல்லை, எட்டு வருஷம் அதுவே ஓடியது. போன் அடித்தால் முதலில் மூக்குக்கண்ணாடியைத் தேடுவார், யார் என்று பார்க்காமல் எடுக்கமாட்டார். அந்தத் தேடலுக்கு என்று ஒரு அளவான நேரம் உண்டு போல, பல்லவியின் முதல் வரி முழுசாக ஓடி, இரண்டாவது வரியில் ஒரு சொல் பாதி வரும்போது வெட்டுப்படும். உடனே “ஹலோ, யாரு?” பெயரைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்திருப்பார், ஆனாலும் யாரு என்றுதான் கேட்பார்.

எனக்கு அந்தப் பாட்டு பிடிக்கவே பிடிக்காது. சத்தம் வேறு உச்சத்தில் இருக்கும். “மாத்தித் தொலைங்கப்பா” என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

அவர் போய் ஒரு வருஷம் இருக்கும், ஒரு பேருந்தில் அந்தப் பாட்டு ஓடியது. தொடங்கியதும் ஒன்றும் ஆகவில்லை, அட, இந்தப் பாட்டா என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முதல் வரி முடிந்தது. இரண்டாவது வரியில் அந்தச் சொல் வந்தது, பாதி வந்தது, மீதியும் வந்துவிட்டது, பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அங்கேதான் உடைந்தேன். இத்தனைக்கும் அது சோகப் பாட்டு இல்லை, துள்ளலான காதல் பாட்டு, பக்கத்து இருக்கைக்காரர் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு எதையாவது கிண்டிப் பார்க்காமல் இருக்கமுடியாது, அதனால் பிறகு இதைப்பற்றிக் கொஞ்சம் படித்தேன். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் நடந்து 2011-ல் வெளியான ஆய்வு ஒன்று. கேட்டால் மயிர்க்கூச்செறியும் என்று தாங்களே தேர்ந்தெடுத்துச் சொன்ன இசையைச் சிலருக்குப் போட்டுக்காட்டி மூளையைப் படம் எடுத்தார்கள். சிலிர்க்கிற அந்த நொடியில் டோபமைன் என்ற, இன்பத்தோடு தொடர்புள்ள மூளை ரசாயனம் சுரந்தது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அந்த நொடி வருவதற்குச் சற்று முன்பே, மூளையின் இன்னொரு பகுதியில், இதோ வரப்போகிறது என்கிற எதிர்பார்ப்புக்கே டோபமைன் சுரந்திருக்கிறது. பாட்டு கேட்கிறோம் என்று சொல்கிறோமே தவிர, பாதி நேரம் நாம் அடுத்து வரப்போவதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். தாளச் சுற்றின் முதல் அடியான சமம் வந்து விழும்போது கிடைக்கிற சுகமே அதுதானே. இதைப் படித்ததும் பேருந்து ஞாபகம்தான் வந்தது. எட்டு வருஷம் என் காது அந்த இடத்தில் ஒரு ஹலோவைக் கேட்டுப் பழகிவிட்டது, அன்றும் அதற்காகத்தான் காத்திருந்திருக்கிறது. அது வரவில்லை.

இன்னொரு ஆய்வு 2013-ல் வந்தது, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோல் கிரம்ஹான்சல் செய்தது. பதின்ம வயதிலும் இருபதுகளிலும் கேட்ட பாட்டுதான் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்பது முன்பே தெரிந்த சங்கதி. இவர் கல்லூரி வயதுப் பிள்ளைகளுக்குப் பல பத்தாண்டுகளின் பாட்டுகளைப் போட்டுக் கேட்டபோது, அவர்கள் பிறப்பதற்கு முன்னால் வந்த, அவர்களுடைய அப்பா அம்மா இளவயதில் கேட்ட பாட்டுகளோடும் அவர்களுக்கு நெருக்கம் இருந்தது தெரிந்தது. அந்தப் பிள்ளைகள் யாரும் அவற்றைத் தேடிப்போய்க் கேட்டிருக்கமாட்டார்கள். வீட்டில் ஓடியிருக்கும், காதில் விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

நான் ரொம்பநாள் இசையை ஒரு மருந்துப்பெட்டி போல வைத்திருந்தேன். மனசு சரியில்லையா, இந்தப் பட்டியல். வேலையில் கவனம் வேண்டுமா, அந்தப் பட்டியல். தூக்கத்துக்கு மழைச் சத்தத்தோடு ஒன்று. இப்போதும் அவை போனில் இருக்கின்றன, குறை சொல்லவில்லை, உபயோகம்தான். (கவனத்துக்கு என்று நான் வைத்திருந்ததில் பாதி மொசார்ட். மொசார்ட் கேட்டால் குழந்தைக்கு அறிவு வளரும் என்று பரவியதே, அதற்கு அடிப்படை 1993-ல் 36 கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சின்ன ஆய்வு. பலன் பத்துப் பதினைந்து நிமிஷம் இருந்தது என்றுதான் அதில் சொன்னார்கள், அதில் ஒரு குழந்தைகூட இல்லை.) ஆனால் இத்தனை வருஷத்தில் நானாகத் தேர்ந்தெடுத்த எந்தப் பாட்டும் என்னை அந்தப் பேருந்துப் பாட்டு போல ஆட்டிப்படைத்ததில்லை. அனுமதி கேட்காமல் உள்ளே வந்து உட்கார்ந்தவைதான் ஆட்டிப்படைக்கின்றன.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எனக்குப் பாட்டு ஒண்ணுமே பண்ணாதுங்க” என்றார். பாசாங்கு என்றுதான் நினைத்தேன். நல்லா ரசனையுள்ள ஆள், படம் பார்த்து அழுவார், சாப்பாட்டை ரசித்துச் சாப்பிடுவார். ஆனால் பாட்டு மட்டும் பக்கத்து அறையில் யாரோ பேசுவது மாதிரி இருக்குமாம், தொந்தரவும் இல்லை, சுகமும் இல்லை. மற்றவர்கள் கண்ணை மூடித் தலையாட்டும்போது தானும் ஆட்டிவைப்பாராம், எதற்கு வம்பு என்று. இப்படி உண்மையிலேயே மனிதர்கள் இருக்கிறார்கள் என்று பார்சிலோனாவில் நடந்த ஆய்வு ஒன்று 2014-ல் காட்டியிருக்கிறது. காது பழுதில்லை, மெட்டும் அடையாளம் தெரியும். பணம் ஜெயிக்கிற விளையாட்டைக் கொடுத்தால் எல்லோரையும் போல இதயம் துடிக்கிறது, இசைக்கு மட்டும் உடம்பு அசைவதில்லை. அவரிடம் நான் பட்ட பரிதாபத்தை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அவர் எந்தப் பேருந்திலும் தைரியமாக ஏறலாம்.

அப்பாவின் குரல் எனக்குள் மெல்ல மங்கிக்கொண்டு வருகிறது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். எப்படிப் பேசுவார் என்று நினைத்தால் சில சொற்கள்தான் மிஞ்சுகின்றன. ஆனால் பாட்டு எந்த எழுத்தில் வெட்டுப்படும் என்பது மட்டும் துல்லியமாக இருக்கிறது. கிளைவ் வேரிங் என்ற பிரிட்டிஷ் இசைக்கலைஞருக்கு 1985-ல் மூளையில் தொற்று வந்து நினைவே போனது. எதையும் சில நொடிகளுக்குமேல் பிடித்துவைக்க முடியாது, மனைவி வெளியே போய்விட்டு உள்ளே வந்தால் பல வருஷம் கழித்துப் பார்ப்பவர் போலக் கட்டிக்கொள்வார். ஆனால் பியானோ முன்னால் உட்காரவைத்தால் வாசித்தார், பாடகர் குழுவை முன்னால் நிற்கவைத்தால் கையசைத்து நடத்தினார். மூளை எதை எந்த அறையில் பூட்டிவைக்கிறது என்று வீட்டுக்காரருக்கே தெரிவதில்லை.

போன மாதம் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். தொலைக்காட்சியில் பழைய பாட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன, இரண்டு பேருமே பார்க்கவில்லை, அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார், நான் போனில் இருந்தேன். அந்தப் பாட்டு வந்தது. ரிமோட் என் பக்கத்தில்தான் இருந்தது, மாற்றிவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன், மாற்றினால் ஏன் மாற்றினேன் என்று ஆகிவிடும், அதனால் விட்டுவிட்டேன். அம்மா நிமிரவில்லை. முதல் வரி முடிந்தது. இரண்டாவது வரி அந்தச் சொல்லுக்கு வந்தபோது துண்டு மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. சரியாக அந்த இடத்தில். பிறகு மடித்து அடுக்கினார்.

“இதுக்கப்புறம் இவ்வளவு பாட்டு இருக்காடா?” என்றார்.

எனக்கும் தெரிந்திருக்கவில்லை. மீதியை இரண்டு பேரும் முதல்தடவையாகக் கேட்டோம், இரண்டு சரணம் இருக்கிறது.