கால் கழுவி விட்ட கக்கூசு

பாரிசுக்குக் கிளம்பும்போது அம்மாவின் கைப்பையில் இருந்தவை மூன்றே மூன்று சாமான்கள். பாஸ்போர்ட், மூட்டுவலித் தைலம், ஒரு நீலப் பிளாஸ்டிக் கோப்பை. எங்கள் வீட்டில் கோப்பை என்றால் வாளிக்குள் மிதக்குமே, அது.

தங்கச்சி குடும்பத்தோடு அங்கே இருக்கிறாள். நாலு வருசமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்பா முதலில் வருவதாகத்தான் இருந்தது. ஒருநாள் போனில் பேத்தியிடம் பேசி முடித்துவிட்டு, “அங்கயெல்லாம் பேப்பர்லயாமே, உள்ளதா?” என்று தங்கச்சியிடம் மெதுவாகக் கேட்டார். ஆமா என்றாள். மறுநாள் காலையில், “ரப்பர் வெட்டு இருக்கு, நான் வரல்ல” என்று சொல்லிவிட்டார். அது சுத்த மழைக்காலம். மழையில் எவன் ரப்பர் வெட்டுவான்? யாரும் அதைக் கேட்கவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்களுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம், திற்பரப்பு அருவிக்குப் போகிற வழி. “கால் கழுவிட்டு வாறேன்” என்று எங்கள் ஊரில் ஒருவர் எழுந்துபோனால் அவர் காலைக் கழுவப் போகவில்லை. அதேபோல வெள்ளம் என்றால் தண்ணீர். குடிக்க வெள்ளம் கேட்டால் யாரும் பேரிடர் மீட்புக் குழுவைக் கூப்பிட மாட்டார்கள். சானலிலும் குளத்திலும் முங்கி வளர்ந்த ஆட்களுக்கு, வெள்ளம் படாமல் ஒரு காரியம் முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பிக்கை வராது.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் கைப்பையைத் திறக்கச் சொன்னார்கள். 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்று என் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்ய வைத்தார்கள். அடுத்து கோப்பை வெளியே வந்தது. சோதனை செய்தவர் கோப்பையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் பத்திரமாக உள்ளே வைத்து ஜிப்பை மூடினார். ஆளுக்கு வீடு எங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், நெய்யாற்றின்கரை பக்கமாக இருக்கும் என்பது என் ஊகம்.

வளைகுடாவில் விமானம் மாற வேண்டும். அங்கே கழிப்பறைக்குள் சுவரில் ஹோஸ் தொங்கியது. கையில் பிடித்து அமுக்கினால் பீச்சி அடிக்கும். அம்மா வெளியே வந்தபோது முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. “அரபிக்காரன் மனுசன், கேட்டியா” என்றாள். அந்த நிம்மதியில் கோப்பையை அங்கேயே மறந்து வைத்துவிட்டாள். கோப்பை தேவைப்படாத ஒரே இடத்தில் கோப்பையைத் தொலைத்தோம் என்பது விமானம் மேலே ஏறிய பிறகுதான் தெரிந்தது.

தங்கச்சி வீட்டில் கழிப்பறை தனி, குளியலறை தனி. பழைய பிரெஞ்சு வீடுகள் பலவும் அப்படித்தான். கழிப்பறை என்பது ஒரு அலமாரி அளவு அறை. அதில் ஒரு கோப்பை (இது உட்காருகிற கோப்பை), ஒரு காகித உருளை, கிளி படம் போட்ட காலண்டர். குழாய் கிடையாது. அம்மா கதவைத் திறந்து சுவர் நாலையும் தடவிப் பார்த்தாள்.

“வெள்ளம் எங்க பிள்ளே?”

“ஃப்ளஷ்ல வரும்மா.”

“அது அதுக்குல்லா. எனக்கு?”

தங்கச்சி புருசன் மாமியாருக்குச் சரித்திரம் சொல்ல ஆரம்பித்தான். பிடே என்று ஒன்று உண்டு, கழுவுவதற்கென்றே உள்ள பீங்கான் தொட்டி, அதைக் கொண்டுவந்ததே பிரெஞ்சுக்காரர்கள்தான், பிடே என்றால் அவர்கள் பாஷையில் குட்டிக்குதிரை, குதிரை மேல் உட்காருகிற மாதிரி உட்கார வேண்டும் என்பதால் அந்தப் பேர், பக்கத்து இத்தாலியில் 1975 முதல் வீடு கட்டினால் பிடே வைத்தே ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது என்றெல்லாம். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்தக் குதிர இங்க எங்க?” என்றாள். முன்னால் குடியிருந்தவர் அதைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் வாஷிங் மெஷின் வைத்துவிட்டாராம். “வச்சவனே கழட்டிட்டானா. சவம்” என்று அம்மா அந்த நாட்டைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

மறுநாளே லா சப்பல் போனோம். பாரிஸ் வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த பகுதி. முருங்கைக்காய், புட்டுக்குழல், வேட்டி, தங்கம் எல்லாம் கிடைக்கும். பாத்திரக் கடையில் அம்மா நேராகக் கல்லாவுக்குப் போய், “மக்கா, ஒரு கோப்பை வேணும்” என்றாள்.

“எந்தக் கோப்பை அம்மா? சோத்துக் கோப்பையோ, தேத்தண்ணிக் கோப்பையோ?”

அவர்கள் ஊரில் கோப்பை என்றால் தட்டும் ஆகும், டீ குடிக்கிற கப்பும் ஆகும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. கடைக்காரர் இரண்டையும் எடுத்து மேசைமேல் வைத்தார். பூப்போட்ட பீங்கான். அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். “ரெண்டும் இல்ல மக்கா. மத்ததுக்கு.”

“எதுக்கு?”

“கால் கழுவ.”

“காலோ? அப்ப பேசின் எடுங்கோவன்.”

பின்னால் வரிசையில் நாலு பேர். அம்மா ஒரு கையால் மொண்டு ஊற்றுகிற மாதிரி காட்டினாள். எந்தத் திசையில் ஊற்றுகிறாள் என்பதும் தெளிவாகத் தெரிந்தது. கடைக்காரர் முகம் மலர்ந்து, “ஓ, அதுக்கோ!” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். நீலக் கோப்பையே வந்தது. 3 யூரோ. ஏறக்குறைய 300 ரூபாய் என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். குலசேகரம் சந்தையில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் என்பதை அன்று இரவு வரை ஏழெட்டு தடவை கேட்டேன்.

அதன்பிறகு வாழ்க்கை ஒழுங்காகிவிட்டது. வீட்டில் கோப்பையும் வாளியும், வெளியே போனால் பையில் அரை லிட்டர் பாட்டில். (என் சொந்த ஏற்பாடு, வளைந்த மூக்கு வைத்த அமுக்கு பாட்டில். பேப்பர் துடைக்க மட்டும். பேப்பரிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று மூளை ஒத்துக்கொண்டாலும் மனசு ஒத்துக்கொள்ளாது.) ஐஃபில் கோபுரத்துக்குக் கீழே நின்று, 330 மீட்டர் உயரம் அம்மா என்று நான் அண்ணாந்து காட்டியபோது, “மேல கக்கூசு உண்டுமா?” என்றாள். தெருவோரம் பச்சைக்கூண்டு மாதிரி நிற்கிற தானியங்கிக் கழிப்பறைகளில் 2006 முதல் காசு கிடையாது என்பதும், ஒவ்வொரு ஆள் வெளியே வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் என்பதும் அவளுக்கு ஐஃபிலை விடப் பெரிய அதிசயமாகப் பட்டது. “தன்னக் கழுவத் தெரியுது, மனுசனக் கழுவ ஒரு கொழாய் வைக்கத் தெரியல்ல பாத்தியா.”

இரண்டாவது வாரம் காரில் லியோன் போனோம். நானூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சம். நெடுஞ்சாலையில் அங்கங்கே ஓய்விடங்கள். பெரியதில் கடை, பெட்ரோல் எல்லாம் இருக்கும். சின்னதில் மரம், மேசை, கழிப்பறை, அவ்வளவுதான். அப்படி ஒரு சின்ன இடத்தில் நிறுத்தினோம். கோப்பையும் பாட்டிலும் வைத்த பையோடு அம்மா உள்ளே போனாள். பத்து நொடியில் குரல் வந்தது.

“மக்கா! இது நம்ம கக்கூசுல்லா!”

எட்டிப் பார்த்தேன். உள்ளதுதான். தரையோடு பதித்த பீங்கான், கால் வைக்க இரண்டு மேடு, பின்னால் ஓட்டை. இங்கே அதற்குப் பேர் துருக்கிக் கழிப்பறை என்று மாப்பிள்ளை சொன்னான். துருக்கிக்காரன் உட்காருகிற கோப்பையை ‘அலாஃப்ராங்கா’ என்பானாம், பரங்கிக்காரன், அதாவது ஐரோப்பியன் பாணி என்று அர்த்தம். இவன் அவன்மேல் போடுகிறான், அவன் இவன்மேல் போடுகிறான். நாம் இந்தியன், வெஸ்டர்ன் என்று சொல்லிவிட்டு இரண்டையும் கட்டி வைக்கிறோம்.

முதலில் பக்கத்து அறையில் நான் போய்ப் பார்த்தேன். பத்து வருசமாக அடுக்குமாடியில் வெஸ்டர்ன் பழகிய முட்டு. உட்கார்ந்துவிட்டேன், எழுந்திருக்கத்தான் முடியவில்லை. பிடிக்க ஒரு கம்பி இல்லை. கடைசியில் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துத் தொங்கி எழுந்தேன். கொஞ்ச நேரம் வெளியே யாரும் கதவைத் தள்ளாமல் இருந்தது முன்னோர் செய்த புண்ணியம்.

அம்மாவுக்கு 63 வயசு. அவளுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. உள்ளே கோப்பை பாட்டிலில் முட்டுகிற சத்தம் நிம்மதியாகக் கேட்டது. பிறகு சுவர்ப் பொத்தானை அமுக்கியிருக்கிறாள்.

“எக்க அம்மோ!”

அந்த ஊர்ச் சாதனத்தில் தண்ணீர் ஓட்டைக்குள் மட்டும் போகாது. நாலு பக்கமும் பாய்ந்து, மேடு இரண்டையும் முக்கி, செருப்போடு சேர்த்து அலசிவிட்டுத்தான் இறங்கும். கதவு திறந்தது. முட்டு வரை நனைந்த சேலை, கையில் கோப்பை. வெள்ளம் என்ற சொல்லுக்கு எங்கள் ஊர் அர்த்தமும் மற்ற ஊர் அர்த்தமும் ஒன்றாக வந்து நின்றன.

“நான் கால் கழுவியாச்சு மக்கா,” என்றாள் மூச்சு வாங்க. “அது பிறகும் ஒருக்கக் கழுவுது!”

வெளியே கை கழுவிக்கொண்டிருந்த ஒரு வயசான பிரெஞ்சுப் பாட்டி சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு அம்மாவைக் கையசைத்துக் கூப்பிட்டு, காலியான ஒரு அறையில் செய்து காட்டினார். முதலில் கதவைத் திற. ஒரு காலை வெளியே வை. எட்டிப் பொத்தானை அமுக்கு. அமுக்கியதும் குதி. அவர் குதித்த குதியில் கைப்பை எகிறிக் கீழே விழுந்தது. அம்மா அதை எடுத்துக் கொடுத்தாள். ஒரு சொல் பொதுவாக இல்லாமல் இரண்டு பேரும் அஞ்சு நிமிசம் பேசினார்கள்.

திரும்பி வரும்போது அதே மாதிரி இன்னொரு ஓய்விடம். முதுகுப்பை மாட்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண் கதவைத் திறந்து, தரையைப் பார்த்துவிட்டு, திகைத்து நின்றாள். எந்த நாடோ தெரியவில்லை. அம்மா சேலையை ஒரு சாண் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் போய்விட்டாள். நான் தடுக்கப் போனேன், கேட்கவில்லை.

“பிள்ளே, இஞ்ச பாரு. கதவத் தொற. ஒத்தக் கால் வெளிய. பொத்தான அமுக்குனா ஒடனே சாடிரணும், கேட்டியா?” சாடியும் காட்டினாள்.

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். நாங்கள் காருக்குப் போகவில்லை. அம்மா போக விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவு மெல்லத் திறந்தது. ஒரு கால் வெளியே வந்தது. உள்ளே ஹோ என்று வெள்ளம் பாய்கிற சத்தத்தோடு, முதுகுப்பையும் ஆளும் சேர்ந்து வெளியே வந்து விழாமல் நின்றார்கள்.

அம்மா குனிந்து அவள் ஷூவைப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது.

“ஆங்,” என்றாள். “இனி வண்டிய எடு.”