டாட் காமுக்கு வெளியே டொமைன் வாங்கி விற்பது: கணக்கு முதலில், பெயர் பிறகு

டொமைனை, அதாவது இணையதள முகவரியைப் பதிவு செய்து தரும் ரெஜிஸ்ட்ரார் தளத்தில் "முதல் ஆண்டு 2 டாலர்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கீழே பொடி எழுத்தில் இருக்கும் ரினீவல் விலைதான், அதாவது ஆண்டுதோறும் புதுப்பிக்கும் கட்டணம்தான், உண்மையான கொள்முதல் விலை. 2 டாலர் வீதம் 100 பெயர்களை 200 டாலருக்கு அள்ளிவிடலாம். அடுத்த ஆண்டு பெயருக்கு 30 டாலர் என்றால் 3,000 டாலர் கட்ட வேண்டும். அந்த நூறில் ஆண்டுக்கு ஒன்றுதான் விற்கிறது, விற்றுத்தரும் தளத்தின் கமிஷன் 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒன்று 4,000 டாலருக்குப் போனால்தான் கையைக் கடிக்காது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் நூறு வாங்குவதைவிட, போட்டுப் பார்த்துப் பத்து வாங்குவது மேல்.

2013 அக்டோபரில் முகவரியின் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் புதிய பின்னொட்டுகள், பின்னொட்டுகளையெல்லாம் வைத்திருக்கும் இணையத்தின் வேர்ப் பட்டியலில் சேரத் தொடங்கின. டாட் ஷாப், டாட் எக்ஸ்ஒய்இசட் எல்லாம் அந்த வரிசையில் வந்தவை. டொமைன் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்புடன், இந்தப் பின்னொட்டுகளை நடத்தும் ரெஜிஸ்ட்ரிகள் போட்டுள்ள ஒப்பந்தத்தில் விலைக்கு உச்சவரம்பு கிடையாது. ரினீவல் விலையை ஏற்றுவதற்கு 180 நாள் முன்பு ரெஜிஸ்ட்ராருக்கு அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த இடைவெளியில் பழைய விலையிலேயே மொத்தம் 10 ஆண்டு வரை நீட்டித்துக்கொள்ளலாம். நல்ல பெயர் நாலைந்து இருந்தால் அப்போது செய்ய வேண்டியது அதுதான். 2017-ல் யூனிரெஜிஸ்ட்ரி என்ற ரெஜிஸ்ட்ரி தன் பின்னொட்டுகள் சிலவற்றின் விலையைப் பல மடங்கு ஏற்றியது. பதிவு எண்ணிக்கை குறைவாக இருக்கும் பின்னொட்டில், இருக்கிற ஆட்களிடமிருந்தே செலவை எடுக்கப் பார்ப்பார்கள் என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்தது.

அதே ஒப்பந்தத்தில், எல்லோருக்கும் ஒரே ரினீவல் விலைதான் இருக்க வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. ரெஜிஸ்ட்ரியே அதிக விலை வைத்திருக்கும் பிரீமியம் பெயருக்கு அது பொருந்தாது: வாங்கும்போதே அதிக ரினீவலுக்கு ஒப்புக்கொண்டவராகக் கருதப்படுவீர்கள். முதல் ஆண்டுத் தள்ளுபடியில் பிரீமியம் பெயரும் மலிவாகத் தெரியும், அடுத்த ஆண்டு பில் நூற்றுக்கணக்கில் வந்து நிற்கும். பணம் கட்டும் முன் கார்ட்டில் "2 ஆண்டு" என்று மாற்றிப் பாருங்கள். இரண்டாவது ஆண்டின் தொகை அங்கேயே வெளியே வந்துவிடும். அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது எங்கள் வழக்கம்.

நாட்டுக் குறியீடுகள் வேறு ரகம். டாட் ஏஐ அங்குவில்லா தீவுக்குரியது, குறைந்தது 2 ஆண்டுக்குத்தான் பதிவு. ஆகவே தவறான பெயரை எடுத்தால் அடி இரட்டிப்பு. டாட் ஐஓ பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பகுதிக்குரியது. அந்தப் பகுதியைச் சேர்ந்த சாகோஸ் தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் பிரிட்டன் 2025 மே மாதம் கையெழுத்திட்டது. நாட்டுக் குறியீடு சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் பட்டியலிலிருந்து நீங்கினால் பின்னொட்டையும் ஓய்வுபெறச் செய்வதுதான் விதி. அதற்கு 5 ஆண்டு அவகாசம், அதிகபட்சம் 10 வரை நீளலாம். யூகோஸ்லாவியாவின் டாட் ஒய்யூ 2010-ல் அப்படித்தான் போனது. டாட் ஐஓவுக்கும் அதே கதி வரும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் புதிதாகப் பெரிய தொகை போடுபவர் அந்த அபாயத்தை விலையில் கழித்துக்கொள்ள வேண்டும். டாட் ஈத் போன்ற பிளாக்செயின் பெயர்கள் ஐகானின் வேர்ப் பட்டியலிலேயே இல்லை, சாதாரண பிரவுசரில் அடித்தால் திறக்காது. இந்தக் கணக்கு எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது.

பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது புள்ளிக்கு முன்னும் பின்னும் சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "காஃபி டாட் ஷாப்" என்றால் காதில் ஒட்டும், "காஃபி டாட் நிஞ்சா" ஒட்டாது. அதே சொல்லின் டாட் காமில் ஓடிக்கொண்டிருக்கும் கம்பெனி இருக்கிறதா, வேறு எத்தனை பின்னொட்டுகளில் அந்தச் சொல்லை எடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒருவரும் எடுக்காத சொல் என்றால் புதையல் என்று துள்ள வேண்டாம், பெரும்பாலும் யாருக்கும் வேண்டாத சொல்தான். காலாவதியான பெயரென்றால் வேபேக் மெஷினில் பழைய பக்கங்களையும், ஸ்பாம் அனுப்பும் பெயர்களைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹவுஸில் அது கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். டிரேட்மார்க் தேடலை மட்டும் விடவே கூடாது. பெயர் மார்க்கை ஒத்திருந்து, உங்களுக்கு நியாயமான உரிமையும் இல்லாமல், கெட்ட எண்ணத்தோடு எடுத்துப் பயன்படுத்தியது நிரூபணமானால் யுடிஆர்பி என்ற டொமைன் தகராறு முறையில் நடக்கும் வழக்கில் பெயர் கைமாறிவிடும். பதில் தர 20 நாள்தான். டாட் இன்னுக்கு ஐஎன்டிஆர்பி என்று தனி முறை உண்டு. அங்கே உரிமையாளர் விவரத்தை மறைக்கும் சேவைக்கும் அனுமதி இல்லை.

தமிழிலேயே டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் என்று பின்னொட்டுகள் இருக்கின்றன. சொந்தத் தளத்துக்குத் தாராளமாக வாங்கலாம், மறுவிற்பனைக்கு வேண்டாம். பல படிவங்கள் இந்த முகவரியை ஏற்பதில்லை, சில இடங்களில் "எக்ஸ்என்" என்று தொடங்கும் குறியீட்டுச் சரமாகத் தெரியும். இதில் தமிழுக்கே உரிய ஒரு கண்ணியும் உண்டு: ஔ என்ற ஓரெழுத்தும், ஒ, ள என்ற ஈரெழுத்தும் பார்க்க ஒன்றுபோலிருக்கும், கணினிக்கு வேறு. ஔவையார் பெயரில் டொமைன் எடுப்பவர் இரண்டையும் பார்க்க வேண்டியிருக்கும்!

ஆள் வந்து விலை கேட்டால், முதலில் பெயர் இடம் மாற்றக்கூடிய நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு செய்த அல்லது ரெஜிஸ்ட்ரார் மாற்றிய 60 நாளுக்குள் வேறு ரெஜிஸ்ட்ராருக்குக் கொண்டுபோக முடியாது. வாங்குபவருக்கும் அதே ரெஜிஸ்ட்ராரில் கணக்கிருந்தால் பெயரை அவர் கணக்குக்கே "புஷ்" செய்துவிடலாம், சில நிமிட வேலை. இல்லாவிட்டால் இடமாற்றத்தைத் தடுக்கும் லாக்கை எடுத்து, மாற்றுவதற்கான கடவுச்சொல்லான ஆத் கோட் கொடுத்து, 5 முதல் 7 நாள் காத்திருக்க வேண்டும். பணம் எஸ்க்ரோவில் (இருவருக்கும் நடுவில் பணத்தைப் பிடித்து வைக்கும் மூன்றாம் ஆள்) சேர்ந்துவிட்டது என்பதை எஸ்க்ரோ தளத்தில் நீங்களே உள்நுழைந்து பார்த்த பிறகுதான் ஆத் கோட் போக வேண்டும், மின்னஞ்சலில் வரும் "பணம் வந்துவிட்டது" என்ற வரியை நம்பி அனுப்பாதீர்கள். "இன்ன தளத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி வாருங்கள், உடனே வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்பவர் வாங்க வரவில்லை. அந்தச் சான்றிதழ்க் கட்டணம்தான் அவர் குறி.

விலை விசாரிப்பே வராத பெயரை இரண்டாவது ரினீவலில் விட்டுவிடுகிறோம். விடுவதற்குத் தேதிக்கு முன்பே ஆட்டோ ரினீவலை அணைக்க வேண்டும், பல ரெஜிஸ்ட்ரார்கள் காலாவதிக்குச் சில வாரம் முன்பே கார்டிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். காலாவதிக்குப் பிறகு ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரண விலையில் மீட்கலாம். அப்புறம் 30 நாள் ரிடெம்ப்ஷன் என்ற மீட்புக் காலம், அதற்குத் தனிக் கட்டணம். கடைசி 5 நாள் யாராலும் தொட முடியாது. ஆனால் முதல் கட்டத்திலேயே பெயரை ஏலத்துக்கு விடும் ரெஜிஸ்ட்ரார்கள் உண்டு என்பதால், வேண்டிய பெயருக்கு அந்த 45 நாளை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.