சார்ஜர் சொன்னது 4.20, மீற்றர் சொன்னது 4.28

வீடு எரியவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பற்றரி போனது, கொஞ்சம் காசு போனது, நித்திரை நிறையப் போனது. இப்போது எல்லாம் ஒழுங்காகச் சார்ஜ் ஏறுகிறது. ஆனாலும் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடைக்காரரோடு நான் பட்ட பாட்டை எழுதாவிட்டால் மனம் ஆறாது. ரிமோட் கார் வைத்திருப்பவர்களுக்கு லைப்போ, அதாவது லிதியம் பொலிமர் பற்றரி, புதிதல்ல. உள்ளிருக்கும் ஒரு செல் 3.7 வோல்ட், நிறைந்தால் 4.2, இரண்டு செல் என்றால் 8.4 என்பதெல்லாம் தெரிந்த கதை. ஆகவே நேரே பிரச்சினைக்கு வருகிறேன்.

என்னுடையது உண்மைக் காரின் பத்தில் ஒரு பங்கு அளவுக் கார். பெட்டியோடு வந்த நிக்கல் பற்றரி வேகத்துக்குப் போதவில்லை என்று 5000 மில்லியம்பியர்-மணி 2எஸ் (இரண்டு செல்) லைப்போவுக்கு மாறினேன். காரோடு வரும் அந்தச் சுவர்ச் சார்ஜரை மட்டும் லைப்போவில் மாட்டிவிடாதீர்கள். அவற்றில் பலவற்றுக்கு எங்கே நிற்பது என்றே தெரியாது. கொஞ்சம் நல்லவைகூட, நிக்கல் பற்றரி நிறைந்ததும் வோல்ட் சற்று இறங்குவதைப் பார்த்துத்தான் நிற்கும். லைப்போவில் அந்த இறக்கம் வராது, சார்ஜர் காத்துக்கொண்டே ஏற்றும்.

இது தெரிந்துதான் முதலாம் குறுக்குத் தெருவில், ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே பார்த்துச் சமமாக ஏற்றும் பலன்ஸ் சார்ஜர் ஒன்று வாங்கினேன். "தம்பி, இது எல்லாத்துக்கும் போகும். லைப்போ, நிக்கல், கார் பற்றரி, என்ன வேணுமோ போடுங்க" என்றார் கடைக்காரர். பெட்டியில் பளபளக்கும் ஸ்டிக்கர் வேறு. வீட்டுக்கு வந்து லைப்போ, 2எஸ், 5 அம்பியர், பலன்ஸ் என்று அமைத்தேன். ஒழுங்காக ஏறியது, 8.40 காட்டி நின்றது.

கொஞ்ச நாளில் பற்றரி வயிறு வைத்தது. மேசையில் வைத்தால் ஆடுகிறது. உள்ளே திரவம் சிதைந்து வாயுவாகிவிட்டது என்று அர்த்தம். அப்படியான பற்றரியை அதன்பிறகு ஏற்றவோ ஓட்டவோ கூடாது, அமுக்கிப் பார்ப்பதும் ஊசி குத்துவதும் பைத்தியக்காரத்தனம். கடைக்காரரிடம் தொலைபேசியில் சொன்னால், "கூட ஓட்டி இறக்கியிருப்பீங்க தம்பி, பற்றரி செத்திருக்கும்" என்றார். ஆனால் காரின் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஜம்பரை (பற்றரி வகையைத் தெரிவுசெய்யும் சின்னச் செருகியை) லைப்போ பக்கம் மாற்றி வைத்திருந்தேன். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் செல் 3.6க்குக் குறையாமல் கழற்றியிருக்கிறேன். (புதிதாக வாங்குபவர்கள் அந்த ஜம்பரைப் பாருங்கள். பல கார்களில் அது நிக்கல் பக்கம்தான் இருக்கும். அப்படியே ஓட்டினால் பற்றரி வற்றும்வரை கார் நிற்காது.)

சந்தேகம் சார்ஜர் மேல் திரும்பியது. வீங்கியதை மறுபடி ஏற்றாமல், கடைசியாக நிறைத்துக் கழற்றி ஆறியிருந்தபடியே, மல்டிமீற்றரால் (வோல்ட் அளக்கும் கருவி) பார்த்தேன். ஒரு செல் 4.28, மற்றது 4.24. ஆறிய பற்றரி 4.20க்குச் சற்றுக் கீழேதான் இருக்க வேண்டும். ஆறிய பிறகும் 4.28 என்றால் ஏறும்போது எங்கே போய் நின்றிருக்கும்? திரையிலோ இரண்டுக்கும் அழகாக 4.20, 4.20.

வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த ஒரு போன் திருத்துபவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன், அதாவது மீற்றரை. வீங்கிய பற்றரியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறுவதில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்கட மீற்றருக்குள்ள இருக்கிற பற்றரி எப்ப மாத்தின?" மலிவு மீற்றர்களில் உள்ளிருக்கும் 9 வோல்ட் பற்றரி இறங்கினால் அளவு உண்மையை விடக் கூடவே காட்டுமாம். புதுசு போட்டோம். பிறகு அவருடைய மேசையிலிருந்த புது போன் செல் ஒன்றை அவர் மீற்றராலும் என் மீற்றராலும் அளந்தோம். இரண்டும் ஒன்றே சொன்னது. மீற்றர் நிரபராதி. பொய் சொன்னது சார்ஜர்தான்.

0.08 வோல்ட்டுக்கு இவ்வளவு சத்தமா என்று கேட்கலாம். கடைக்காரரும் அதைத்தான் கேட்டார். 4.2க்கு மேல் போகும் ஒவ்வொரு புள்ளியிலும் லிதியம் தன் இடத்துக்குள் போகாமல் தகட்டின் மேல் உலோகமாகப் படியத் தொடங்கும், திரவம் சிதையும், வாயு வரும். ஒரே நாளில் தீப்பிடிக்காது, வீங்கும். வீங்கியதைத் தொடர்ந்து ஏற்றினால் ஒருநாள் பிடிக்கும். அந்தத் தீ தானாகவே சூட்டைப் பெருக்கிக்கொண்டு அடுத்த செல்லுக்குப் போகும், புகையும் நச்சு.

அளக்கும்போது ஒரு கவனம். பலன்ஸ் வயரின் வெள்ளைச் சொக்கட்டில் 2எஸ் என்றால் மூன்று முள். கறுப்புக்கும் நடு முள்ளுக்கும் இடையில் ஒரு செல், நடு முள்ளுக்கும் சிவப்புக்கும் இடையில் மற்றது. மீற்றரின் இரண்டு ஊசியும் உள்ளே தொட்டுக்கொண்டால் பொறி பறக்கும். நடுங்கும் கை என்றால் மாட்டியதும் செல்களின் வோல்ட்டைக் காட்டும் செல் செக்கர் என்று ஒரு சின்னப் பொருள் விற்கிறது, அதை வாங்குங்கள். ஆனால் அதையும் ஒரு தடவை நல்ல மீற்றரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும். என் கதைக்குப் பிறகு நான் எதையும் சும்மா நம்புவதில்லை.

சரி, கடைக்குப் போனேன். "வாங்கக்குள்ள போட்டுப் பாத்துத்தானே எடுத்துட்டுப் போனீங்க" என்று ஆரம்பித்தார். போட்டுப் பார்த்தது வெளிச்சம் வருகிறதா என்றுதான். சுவரில் 'விற்ற பொருட்கள் மீளப் பெறப்படமாட்டாது' பலகையைக் காட்டினார். திரும்பி வந்துவிட்டேன். வீணாய்ப் போன பயணம், வெயில் வேறு.

அடுத்த தடவை ஆயத்தமாகப் போனேன். நண்பனிடம் நல்ல சின்ன 2எஸ் ஒன்றை, பாதிச் சார்ஜில், இரவல் வாங்கினேன். சார்ஜ் ஏற்றிக் காட்டத் தேவையில்லை. இந்தச் சார்ஜர்களில் செல்களின் வோல்ட்டை மட்டும் காட்டும் ஒரு மெனு உண்டு. கடை மேசையிலேயே என் மீற்றரால் அளந்தேன், 3.85. அவர் விற்ற சார்ஜரில் மாட்டினேன், 3.78. "நானா, இது 3.78 எண்டு நினைச்சுக்கொண்டு 3.85இல் நிக்குது. அப்ப 4.20 எண்டு நினைக்கக்குள்ள எங்க நிக்கும்?" பக்கத்தில் ட்ரோன் பற்றரி வாங்க வந்திருந்த ஒருவர் எட்டிப் பார்க்கத் தொடங்கினார். அதுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். கடைக்காரர் வேறு பெட்டிகளை எடுத்துப்போட்டார். அவற்றிலும் சில தப்பாகத்தான் காட்டின. கடைசியில் ஒன்று 3.85 காட்டியது, அதை மாற்றி எடுத்தேன். காசு திருப்பித் தரவில்லை, ஆனாலும் வெற்றிதான். வெளியே வரும்போது கேட்டார், "தம்பி, அந்த மீற்றர் என்ன விலை?"

புதுப் பற்றரி வாங்குவது இன்னொரு கதை. வெளிநாட்டுக் கடைகள் பலவும் தனி லைப்போவை விமானத் தபாலில் அனுப்பாது. 2016 ஏப்ரல் முதல் பயணிகள் விமானத்தின் சரக்கறையில் தனி லிதியம் அயன் பற்றரி ஏற்றுவதே தடை. ஆனால் பயணி கைப்பையில், 100 வொட்-மணிக்குள் என்றால் கொண்டு வரலாம். சிங்கப்பூரிலிருந்து வந்த மச்சானிடம் சொல்லி வைத்தேன். பாதுகாப்புச் சோதனையில் பிடித்துவிட்டார்கள். பற்றரியில் 7.4 வோல்ட், 5000 என்றுதான் அச்சிட்டிருந்தது, வொட்-மணி எழுதவில்லை. 5000 மில்லியம்பியர்-மணி என்றால் 5 அம்பியர்-மணி, 7.4ஐ 5ஆல் பெருக்கினால் 37, 100இல் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆனால் அங்கே நிற்பவருக்கு எழுத்தில் வேண்டும். கடை இணையப் பக்கத்தைப் போனில் காட்டித் தப்பினான். "இனி உனக்குப் பற்றரி கொண்டுவர மாட்டன் மச்சான், எனக்கு விமானம் போயிருக்கும்" என்று வந்திறங்கியதும் திட்டினான். யாரையாவது கொண்டுவரச் சொன்னால் 37 வொட்-மணி என்று தெளிவாக எழுதி ஒட்டச் சொல்லுங்கள், விபரத்தாளையும் போனில் வைத்திருக்கச் சொல்லுங்கள். முனைகளுக்கு டேப், சரக்கறைக்குப் போகும் பெரிய பையில் ஒருபோதும் வேண்டாம்.

சார்ஜ் போடும் இடத்துக்குத் தொடர்மாடியில் பல்கனிதான் வழி. துளையுள்ள சீமெந்துக் கல் ஒன்றை லிஃப்டில் ஏற்றும்போது வோச்சர் நிறுத்தி, மேலே என்ன சுவர் கட்டுகிறீர்கள் என்று விசாரித்தார். பற்றரிக்கு என்றேன், நம்பவில்லை. கல்லின் துளைக்குள் பற்றரி, கீழே தரையோடு, மேலே ஒரு பொலித்தீன் பையில் உலர்ந்த ஆற்று மணல். தீப்பிடித்தால் பை உருகி மணல் கொட்டும். கடல் பக்கத்தில்தானே என்று கடல் மணல் அள்ளாதீர்கள், உப்பும் ஈரமும் மின்சாரம் கடத்தும். காற்றுப் புகாமல் இறுக்கி மூடும் டப்பா இன்னும் மோசம், வாயு வெளியேற வழியில்லாவிட்டால் அதுவே குண்டு. லைப்போ பை என்று விற்கும் துணிப்பைகள் தீயை மெதுவாக்கும், புகையை அல்ல. திரைச்சீலையும் கழுவிப் போட்ட உடுப்பும் பல்கனியில் இருந்தால் முதலில் எடுங்கள். போட்டுவிட்டு நித்திரைக்குப் போவதில்லை, கடைக்கும் போவதில்லை.

கரண்ட் போனால் உடனே பற்றரியைக் கழற்றிவிடுங்கள். மாட்டியபடியே விட்டால் சில சார்ஜர்கள் பற்றரியிலிருந்தே மெல்ல உறிஞ்சும். தொடர்மாடி ஜெனரேட்டர் ஏறும்போது மறுபடியும் ஆரம்பத்திலிருந்து அமைக்க வேண்டும். 2022இல் 13 மணித்தியாலம் வெட்டிய நாட்கள் மாதிரி இப்போது இல்லாதது நல்ல காலம்.

வெளிநாட்டு வீடியோக்களில் குளிரில் பற்றரியைச் சூடாக்கச் சொல்வார்கள். கொழும்புக்கு அது தேவையில்லை. ஓடி முடித்த பற்றரி கை பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை காத்திருப்பதுதான் நமக்குப் பெரிய வேலை. வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டு சாப்பிடப் போகாதீர்கள். கடற்காற்றில் பலன்ஸ் முள்ளுகள் பச்சை பிடிக்கும், அப்போது செல் அளவு தாவித் தாவிக் காட்டும். ஓட்டாத வாரங்களில் சார்ஜரின் ஸ்டோரேஜ் முறையில் ஒவ்வொரு செல்லையும் 3.8க்கும் 3.85க்கும் இடையில் வைத்துவிடுகிறேன். நிறைத்து வைத்த லைப்போ இந்தச் சூட்டில் அலமாரிக்குள்ளேயே வீங்கும்.

கடைசியாக, செத்த பற்றரி. குப்பை வண்டியில் போடக் கூடாது, நசுக்கினால் வண்டியே எரியும். வெளியே மணலில் வைத்து, 12 வோல்ட் 21 வொட் கார் பல்ப் ஒன்றை மாட்டி, வெளிச்சம் அடங்கி வோல்ட் பூச்சியமாகும்வரை விட்டேன். உப்புத் தண்ணீரில் ஊறப்போடும் முறையை நான் நம்பவில்லை, முனைகள்தான் முதலில் அரித்துப் போகும், உள்ளே சார்ஜ் மிச்சமிருக்கும். பிறகு எங்கே கொடுப்பது என்று ஓர் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தால், "கார் பற்றரியா?" என்று கேட்டார்கள். காருக்குத்தான், ஆனால் ரிமோட் கார் என்றேன். இன்னொரு இலக்கம் தந்தார்கள், அவர்கள் முதல் இலக்கத்தையே திருப்பித் தந்தார்கள். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் உள்ள இலத்திரனியல் கழிவுச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், நேரே அவர்களிடம் போவதுதான் சுருக்கம். முனைகளுக்கு டேப் சுற்றி, வீங்கியது என்று வாயால் சொல்லியே கொடுத்தேன். படிவத்தில் லைப்போ என்று ஒரு வகை இல்லையாம். ரசீதில் 'கையடக்கத் தொலைபேசிப் பற்றரி, பெரியது, 1' என்று எழுதித் தந்தார்கள்.