லெக்சரா, டெமோவா, பெட்சைடா: நர்சிங் பாடம் எங்கே பிடிபடுகிறது?

நர்சிங் கல்லூரி ஆசிரியர்கள் நாலு பேர் சேர்ந்தால் இப்போதெல்லாம் பேச்சு சிமுலேஷனில், அதாவது நோயாளிக்குப் பதில் பொம்மையை வைத்துப் பழக்குவதில்தான் போய் நிற்கிறது. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் பி.எஸ்சி. பாடத்திட்டத்தை செமஸ்டர் முறைக்கு மாற்றியதிலிருந்து ஸ்கில் லேப் (செய்முறைப் பயிற்சி அறை), புது மேனிக்வின் (பயிற்சி பொம்மை), ஓஸ்கி (இடம் இடமாக நகர்ந்து செய்து காட்டும் செய்முறைத் தேர்வு) என்று எல்லாக் கல்லூரிகளும் பரபரப்பாக இருக்கின்றன. நல்ல விஷயம்தான், எனக்கு அதில் எந்த மறுப்பும் இல்லை. எனக்கு உறுத்துவது வேறு. லெக்சர், டெமான்ஸ்ட்ரேஷன், பெட்சைடு கிளினிக் (நோயாளியின் கட்டில் பக்கத்தில் நின்று பாடம் நடத்துவது), கேஸ் ப்ரசென்டேஷன் (ஒரு நோயாளியைப் பற்றி வகுப்பில் எடுத்துச் சொல்வது), கேர் பிளான் (ஒரு நோயாளிக்கு என்னென்ன கவனிப்பு என்ற திட்டம்) எழுதுவது எல்லாவற்றையும் 'பழைய முறைகள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டி ஓரம் வைத்துவிடுகிறோம். இவை ஒவ்வொன்றும் வேறு வேறு வேலை செய்பவை, பலமும் பலவீனமும் வேறு. இதில் பெட்சைடு கிளினிக்கைக் கைவிட்டால் எத்தனை லட்சத்துக்கு மேனிக்வின் வாங்கினாலும் அந்த இடம் நிரம்பாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் லெக்சர். லெக்சரைத் திட்டுவது சுலபம். அறுபது பேருக்கு ஒரே நேரத்தில் இதயம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லித்தர அதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. ஒரு நல்ல லெக்சர் புத்தகத்தில் பத்துப் பக்கத்தில் சிதறிக் கிடப்பதைக் கோர்த்து ஒரு மணி நேரத்தில் கையில் கொடுத்துவிடும். ஆனால் நம் ஊரில் பல வகுப்புகளில் நடப்பது லெக்சரே இல்லை, டிக்டேஷன். ஆசிரியர் வாசிக்கிறார், பிள்ளைகள் எழுதுகிறார்கள், பரீட்சையில் அதையே திருப்பி எழுதுகிறார்கள். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் நிறைய பேர். அவர்களுக்கு முதல் வருடம் முழுக்க ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டவே நேரம் போய்விடுகிறது. சோடியம், பொட்டாசியம் கணக்கை நல்ல தமிழில் ஒரு தடவை விளக்கிவிட்டு அப்புறம் அதே விஷயத்தை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், பின் பெஞ்சிலிருந்துகூடக் கேள்வி வரும்.

லெக்சர் எங்கே நின்றுவிடுகிறது என்பதற்கு டிரிப் கணக்கு நல்ல உதாரணம். 500 மி.லி. சலைன், நாலு மணி நேரத்தில் போக வேண்டும், டிரிப் செட்டில், அதாவது குழாயில், ஒரு மி.லி.க்கு 20 துளி. 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 துளி. போர்டில் எல்லோரும் போட்டுவிடுவார்கள். வார்டுக்குப் போனதும் கதையே வேறு. துளிக் கணக்கு அந்த செட்டின் கவரிலேயே அச்சாகியிருக்கும், அதைப் பார்க்க வேண்டும் என்று பாதிப் பேருக்குத் தோன்றாது. குழந்தைகள் வார்டில் மைக்ரோ செட் என்றால் 60 துளி, அங்கேயும் 20 போட்டுக் கணக்குப் பார்ப்பார்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே துளியை எண்ணிக்கொண்டே இன்னொரு கையால் துளி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரோலரைத் திருகுவது தனிப் பழக்கம். எல்லாம் சரியாக வைத்துவிட்டு நகர்ந்தால் நோயாளி முழங்கையை மடக்குவார், துளி பாதியாகிவிடும். இது எதுவும் போர்டுக் கணக்கில் வராது.

அடுத்தது டெமான்ஸ்ட்ரேஷன். நர்சிங்கின் முதுகெலும்பே இதுதான் என்று எங்கள் தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆசிரியர் செய்து காட்டுவார், பிறகு மாணவி செய்து காட்ட வேண்டும், அதுதான் ரிட்டர்ன் டெமான்ஸ்ட்ரேஷன். முறை அருமையான முறை. நடப்பு என்னவென்றால், ஒரு மேனிக்வினைச் சுற்றி ஐம்பது அறுபது பேர் நிற்கிறார்கள், முதல் இரண்டு வரிசைக்கு ஆசிரியர் கை தெரியும், மற்றவர்களுக்கு முன்னால் நிற்கிறவரின் கொண்டை தெரியும். ரிட்டர்ன் டெமோவுக்கு முதல் ஐந்தாறு ரோல் நம்பர் வருவதற்குள் பெல் அடித்துவிடும். மிச்சப் பேருக்கு, செய்து பழகியதைப் பதியும் லாக் புக்கில் கையெழுத்து மட்டும் விழும். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் வார்டில் அந்தப் பெண் கையில் ஊசியைக் கொடுக்கிறோம், யோசித்துப் பாருங்கள்.

பேட்டன் என்பவர் 1998-ல் முன்வைத்த நாலு படி முறை ஒன்று உண்டு. முதலில் ஆசிரியர் ஒரு வார்த்தை பேசாமல் இயல்பான வேகத்தில் செய்து காட்டுவார். இரண்டாவது தடவை ஒவ்வொரு படியையும் விளக்கிக்கொண்டே மெதுவாகச் செய்வார். மூன்றாவது தடவை மாணவி சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்வார். நாலாவதுதான் மாணவி செய்வது. நம் பழைய டெமோவில் அந்த மூன்றாவது படி இல்லை. எனக்கு அதுதான் மிக முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் வாயால் வரிசையாகச் சொல்லத் தெரியாத பெண்ணுக்குக் கையும் வராது, அது அந்த இடத்திலேயே வெளிப்பட்டுவிடும். இதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாம், கூட்டத்தைப் பத்துப் பத்துப் பேராகப் பிரித்தால் போதும்.

டெமோவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆசிரியர் எப்படிச் செய்கிறாரோ அப்படியே அடுத்த தலைமுறைக்கும் போய்விடும், நல்லதும் போகும், காலாவதியானதும் போகும். மூக்கு வழியாக இரைப்பைக்கு ரைல்ஸ் டியூப் போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து மார்பெலும்பின் கீழ் நுனி என்று டியூபை வைத்து அளப்பது, தொண்டையில் இறங்கும்போது 'முழுங்குங்க, முழுங்குங்க' என்று சொல்லிக்கொண்டே தள்ளுவது, இதெல்லாம் கண்ணால் பார்த்தால்தான் வரும். ஆனால் டியூப் இரைப்பைக்குள் இருக்கிறதா என்று பார்க்க சிரிஞ்சில் காற்றை ஏற்றி ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் கேட்பது, டியூப் முனையைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது, இவற்றை நம்ப முடியாது. டியூப் நுரையீரல் பக்கம் போயிருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கலாம். பிரிட்டனில் 2005-லேயே நோயாளி பாதுகாப்பு அமைப்பு இந்த முறையை வைத்துக்கொள்ளாதீர்கள் என்று எச்சரிக்கை விட்டது. உறிஞ்சி எடுத்த திரவத்தின் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு) 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா பாருங்கள், சந்தேகமென்றால் எக்ஸ்ரே எடுங்கள் என்றது. நம் ப்ரொசீஜர் புத்தகங்களில் இன்னமும் காற்று ஏற்றிக் கேட்பதுதான் எழுதியிருக்கும். சீனியர் புத்தகத்தைப் பார்த்து ஜூனியர் எழுதுகிறாள், அவளைப் பார்த்து அடுத்தவள். இது டெமான்ஸ்ட்ரேஷன் என்ற முறையின் குற்றமில்லை, ஆனால் அந்த முறையில் இந்த மாதிரி விஷயம் சத்தமில்லாமல் ஒட்டிக்கொண்டே வரும் என்பதை மறக்கக் கூடாது.

இப்போது பெட்சைடு கிளினிக்.

1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பெயரில் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது பாடத்தின் பெரும்பகுதி வார்டில்தான் நடந்தது, வார்டு சிஸ்டர்தான் ஆசிரியை. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-ல் நர்சிங் பள்ளி தொடங்கினார், 1946-ல் அங்கே பட்டப்படிப்பே வந்துவிட்டது, டெல்லியிலும் அதே வருடம்தான். பட்டப்படிப்பு வந்ததில் நமக்குக் கிடைத்தது நிறைய. பழைய பயிற்சி முறையில் மாணவிகள்தான் வார்டின் ஆள்பலம், படிப்பு பாதி, வேலை முக்கால் என்ற நிலை, அதிலிருந்து விடுதலை கிடைத்தது. ஆனால் படிப்பு வகுப்பறைக்குள் வரவர ஆசிரியரும் வார்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போனார். இன்றைக்கு நிறைய இடங்களில் போஸ்டிங் (வார்டுப் பயிற்சி) என்றால் பிள்ளைகளை வார்டில் இறக்கிவிட்டு, இன்சார்ஜ் சிஸ்டரிடம் 'பார்த்துக்கோங்க சிஸ்டர்' என்று சொல்லிவிட்டுப் போவதுதான். அந்த சிஸ்டருக்கு ஏற்கெனவே ஐம்பது நோயாளிகள்.

ஒரு நல்ல பெட்சைடு கிளினிக் எப்படி இருக்கும்? மூச்சை எண்ணுவதையே சொல்கிறேன், ஏனென்றால் அதைவிடச் சின்ன விஷயம் எதுவும் கிடையாது. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12-லிருந்து 20 என்று முதல் வருடத்திலேயே படித்துவிடுகிறார்கள். நோயாளியின் நிலை மோசமாகும்போது பல சமயம் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் மாறுவது மூச்சின் எண்ணிக்கைதான் என்றும் படிக்கிறார்கள். ஆனால் எந்த வார்டுக்கு வேண்டுமானாலும் போய் காய்ச்சல், நாடி, மூச்சு எழுதும் டி.பி.ஆர். சார்ட்டைப் பாருங்கள், பெரும்பாலும் எல்லோருக்கும் 20 அல்லது 22 என்றே எழுதியிருக்கும், காலை, மாலை, இரவு எல்லா ஷிப்ட்டிலும்.

மெடிக்கல் வார்டு ஒன்றில் நிமோனியாவுக்குச் சேர்ந்திருந்த ஒரு தாத்தா. சார்ட்டில் வரிசையாக 20. இரண்டாம் வருட மாணவிகள் ஐந்து பேரோடு போனோம். கட்டிலுக்குப் போவதற்கு முன்பே தாழ்வாரத்தில் நின்று யார் என்ன செய்வது, அவர் முன்னால் எதைப் பேசக் கூடாது என்று பேசிக்கொண்டோம். ஒருத்தி போய், 'தாத்தா, நாங்க படிக்கிற பிள்ளைங்க, உங்க நாடியைக் கொஞ்சம் பாக்கலாமா?' என்று கேட்டாள். அவர் சரி என்றதும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முதலில் நாடியை எண்ணினாள், கையை எடுக்காமலே பார்வையை மட்டும் மார்புக்கு மாற்றி முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணினாள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் யாருமே இயல்பாக மூச்சு விட மாட்டார்கள், அதனால்தான் இந்த ஏற்பாடு. வந்தது 34. அவள் என்னைப் பார்த்தாள், நான் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்தவளை எண்ணச் சொன்னேன், அவளுக்கும் கிட்டத்தட்ட அதேதான். 'சாப்டீங்களா தாத்தா?' என்று கேட்கச் சொன்னேன். அவர் 'ரெண்டு... இட்லி... தான்' என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அப்போதுதான் இன்னொருத்தி மூக்கு விடைப்பதைக் கவனித்தாள், மற்றொருத்தி கழுத்துத் தசை இழுப்பதைப் பார்த்தாள். கட்டில் தலைப்பக்கத்தை உயர்த்தினார்கள், ஆக்சிஜன் அளவு பார்த்தார்கள், ஸ்டாஃப் நர்ஸிடம் சொல்லி டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டோம். அவரிடம் எந்த வரிசையில், எத்தனை வாக்கியத்தில் விஷயத்தைச் சொல்வது என்பதையும் அந்தப் பெண்களே சொன்னார்கள். அப்புறம் மறுபடி தாழ்வாரத்துக்கு வந்து நடந்ததைப் பேசினோம். எல்லாம் சேர்த்து அரை மணி நேரத்துக்குள்தான் இருக்கும்.

இதே விஷயத்தை நான் லெக்சரில் சொல்லியிருந்தேன், ஒருவரை ஒருவர் எண்ண வைத்து லேபிலும் செய்து காட்டியிருந்தேன். அங்கே எல்லோருக்கும் 16, 18 என்றுதான் வரும், ஏனென்றால் எல்லோரும் ஆரோக்கியமான பதினெட்டு வயதுப் பிள்ளைகள். இயல்புக்கு மாறான ஒரு எண்ணைத் தன் கண்ணால் கண்டுபிடிப்பதும், அதை நம்பலாமா என்று தடுமாறுவதும், போய் ஒருவரிடம் சொல்லத் துணிவதும் அந்தக் கட்டில் பக்கத்தில் மட்டும்தான் நடக்கும். மேனிக்வினிலும் 34 வைக்கலாம், வைத்துப் பழக்கவும் வேண்டும், ஆனால் மேனிக்வினிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை, அதற்கு இட்லி இறங்கவில்லை என்ற கவலையும் இல்லை.

கேஸ் ப்ரசென்டேஷன், கேர் பிளான் பற்றி நீட்ட வேண்டாம். நல்ல முறைகள்தான், ஆனால் காப்பி அடிப்பதற்கு மிக வசதியானவை. பத்து கேர் பிளானைப் புரட்டினால் நோய் எதுவாக இருந்தாலும் முதல் வரியில் வலி, அடுத்த வரியில் பதற்றம், கடைசியில் நோயைப் பற்றிய விவரம் தெரியாமை என்றே இருக்கும். கட்டில் பக்கத்தில் நின்று 'இவருக்கு இப்போது முதலில் என்ன செய்யணும்?' என்று கேட்டுவிட்டு அந்தப் பதிலை எழுத வைத்தால் அதே கேர் பிளான் உயிர் பெற்றுவிடும்.

ஒரு பழைய முறையை மட்டும் யாரும் கண்டுகொள்வதே இல்லை என்று எனக்கு ஆதங்கம், அது மனநல நர்சிங்கில் வரும் ப்ராசஸ் ரெக்கார்டிங். மாணவி நோயாளியோடு பேசியதை, அவர் சொன்னது, தான் சொன்னது, தனக்குள் தோன்றியது என்று வரிக்கு வரி எழுதி அப்புறம் ஆசிரியரோடு உட்கார்ந்து அலச வேண்டும். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு, 1794-ல் தொடங்கியது அது, போஸ்டிங் போகும் பிள்ளைகள் முதல் நாள் பயந்துகொண்டு போவார்கள். இதை ஒழுங்காக எழுத வைத்தால் கொஞ்ச நாளில் எந்தக் கேள்வி கேட்டால் எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொள்கிறார், எங்கே சும்மா இருந்தால் பேசுகிறார் என்று அவர்களுக்கே பிடிபட்டுவிடும். சர்ஜிகல் வார்டிலும் பிரசவ வார்டிலும்கூட இதைச் செய்யச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. பிரசவ வலியில் இருக்கும் பெண்ணிடம் நாம் என்ன பேசினோம் என்று ஒரு தடவை எழுதிப் பார்த்தால் போதும், அடுத்த தடவை பேச்சு மாறிவிடும்.

பெட்சைடு கிளினிக் ஏன் சுருங்கிவிட்டது என்று ஆசிரியர்களைக் கேட்டால் நேரமில்லை, ஆளில்லை என்பார்கள், இரண்டும் உண்மை. பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பது கவுன்சில் விதி, காகிதத்தில் எல்லா இடத்திலும் இருக்கும். அந்த ஆசிரியரே அட்மிஷன் வேலை, இன்ஸ்பெக்‌ஷன் ஃபைல், ஹாஸ்டல் பொறுப்பு எல்லாம் பார்ப்பார். நோயாளியின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பதினைந்து பேர் சுற்றி நின்று வயிற்றை அமுக்கிப் பார்த்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? அதனால்தான் ஐந்து பேருக்கு மேல் வேண்டாம், திரை போட வேண்டும், அவர் வேண்டாம் என்றால் அடுத்த கட்டிலுக்குப் போய்விட வேண்டும்.

முதல்வர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். போஸ்டிங் நாட்களில் காலை எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை எந்த ஆசிரியரையும் ஆபீஸுக்குக் கூப்பிடாதீர்கள். மீட்டிங், ஃபைல், போன், எதற்கும் வேண்டாம். அந்த நேரத்தில்தான் வார்டில் ஹேண்டிங் ஓவர் (ஷிப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைப்பது) முடிந்து மருந்து கொடுப்பது, கட்டு மாற்றுவது, டாக்டர் ரவுண்ட்ஸ் எல்லாம் ஒன்றாக நடக்கும். ஐந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு கட்டில் பக்கத்தில் நிற்பதற்கு அந்த இரண்டு மணி நேரம் தாராளம்.