பள்ளிச் செயலிகளும் பெற்றோரும்
அமெரிக்காவில் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தால் புத்தகப்பைக்கு முன்பே கடவுச்சொற்கள் வந்து சேர்கின்றன. மதிப்பெண்ணுக்கு ஒரு செயலி, மதிய உணவுக் கணக்குக்கு ஒன்று, ஸ்கூல் பஸ் எங்கே வருகிறது என்று பார்க்க இன்னொன்று. பனி கொட்டினால் விடியும் முன்பே கல்வி மாவட்டத்திலிருந்து விடுமுறை அழைப்பு. அது ஒன்றுதான் உருப்படி.

மகள் கணக்குத் தேர்வில் கோட்டைவிட்ட செய்தி, அவள் பஸ் ஏறும் முன்பே என் கைப்பேசியில் மணியடிக்கிறது. தானே வந்து சொல்ல அவளுக்கு ஒரு வாய்ப்பு வேண்டாமா? அந்த அறிவிப்பை அணைத்துவிட்டேன்.

புதிதாக வந்திருக்கும் நம்மவர்களுக்கு ஒரு தகவல்: 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா (FERPA) என்ற மாணவர் பதிவுகள் பற்றிய சட்டப்படி, பிள்ளையைப் பற்றிப் பள்ளி வைத்திருக்கும் மதிப்பெண், வருகைப் பதிவுகளைப் பார்க்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. கேட்டால் 45 நாட்களுக்குள் காட்டியாக வேண்டும். தயங்காமல் எழுதிக் கேளுங்கள்.