மகளின் நாடகப் படிப்பும் பென்சிலால் அடித்த மூன்று வரிகளும்

நடிப்புதான் படிப்பேன் என்று மகள் சொன்னபோது மறுக்க எனக்கு மனம் வரவில்லை. பணத்துக்கு எங்கே போவது என்பதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. நியூயார்க்கில், குவீன்ஸ் பகுதியில் இருக்கிறோம். 2024 கோடையில் என் கணவருக்கு வேலை போய்விட்டது.

நடிப்பையே முழுமூச்சாகச் சொல்லித்தரும் பி.எஃப்.ஏ. பட்டத்துக்குப் பெரும்பாலும் ஆடிஷன் உண்டு. சுவரில் சாம்பல் நிறப் போர்வையைக் கட்டி, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் சீறாத நேரம் பார்த்து, ஒன்றரை நிமிட வசனங்கள் இரண்டைச் செல்போனில் பதிவுசெய்தோம். விண்ணப்பக் கட்டணத்தில் விலக்கு வேண்டுமென்றால் பள்ளி ஆலோசகரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

எங்களை அலைக்கழித்தது ஃபாஃப்சா என்ற மத்திய அரசின் நிதியுதவிப் படிவம். 2025-26 படிவம் பார்ப்பது 2023-ஆம் ஆண்டு வருமானத்தை. அப்போது வீட்டில் இரண்டு சம்பளம்! நிலைமை மாறிவிட்டால் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்திடம் மறுபரிசீலனை கேட்கலாம் என்பது மார்ச் மாதம்தான் தெரியவந்தது. வேலைநீக்கக் கடிதத்தின் நகலோடு ஒரு பக்கக் கடிதம் எழுதி, ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாக அனுப்பினேன். முன்பே செய்திருக்க வேண்டும்.

பிறகு உதவித்தொகைக் கடிதங்கள் வந்தன. ஒரு தனியார் கல்லூரி குறிப்பிட்டிருந்த தொகையைப் பார்த்து மகள் துள்ளிக் குதித்தாள். நான் பென்சிலோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். 5,500 டாலர் மாணவர் கடன், கோடு போட்டு அடித்தேன். ஒர்க்-ஸ்டடி, அதாவது வேலை பார்த்தால்தான் கைக்கு வரும் கூலி, அடித்தேன். பெற்றோர் பெயரில் கடன், அதையும் அடித்தேன். திருப்பித் தர வேண்டாத பணம் எவ்வளவு என்று அப்போதுதான் தெரிந்தது. மீதியைக் கட்ட எங்கள் ஓராண்டு வாடகைப் பணம்கூடப் போதாது.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் புரூக்ளின் கல்லூரியிலும் நடிப்பில் பி.எஃப்.ஏ. இருக்கிறது. மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு 2025-26-இல் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 6,930 டாலர்தான். வருமானம் குறைந்த குடும்பத்து மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் பெல் மானியம் அதிகபட்சம் 7,395 டாலர். மாநில அரசின் டாப் (TAP) என்ற கல்விக் கட்டண உதவி அதிகபட்சம் 5,665 டாலர். எங்களுக்கு இரண்டிலும் முழுத்தொகை வரவில்லை. ஆனாலும் மறுபரிசீலனைக்குப் பிறகு கிடைத்ததைக் கொண்டே கல்விக் கட்டணத்தை அடைக்க முடிந்தது.

ஏப்ரல் 30 இரவு, தனியார் கல்லூரிக்கு மறுப்பை மகளே அனுப்பினாள். கொஞ்ச நேரம் அழுதாள். ஆகஸ்ட் கடைசியிலிருந்து வீட்டிலிருந்தே ரயிலில் போய் வருகிறாள். புத்தகச் செலவும் ரயில் செலவும் மட்டும் எங்கள் கையிலிருந்து.