இரவு 9 மணி மாத்திரை

பிப்ரவரி 2
நுரையீரல் புற்றுநோய் மாத்திரை தொடங்கி 41-வது நாள். வலது கட்டைவிரல் நகத்தின் ஓரம் வீங்கிச் சிவந்திருக்கிறது. பொத்தான் போடும்போது உயிர் போய் வந்தது. தங்கைதான் போட்டுவிட்டாள்.

பிப்ரவரி 3
நான்கு முறை வயிற்றுப்போக்கு. அதை நிறுத்த லோப்பரமைடு. தூக்கம்.

பிப்ரவரி 6
கட்டி நுரையீரலில் இருக்க, நகம் ஏன் வெடிக்கிறது என்று நர்ஸிடம் போனில் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். ஈஜிஎஃப்ஆர் என்கிற புரதம் புற்றுசெல்லின் சொத்து மட்டும் இல்லையாம். தோல், நகத்தடி, குடலின் உள்பக்கம் எல்லாம் புதுப்பித்துக்கொள்ள அதுவே வேண்டும். நான் போடும் மாத்திரை ஒசிமெர்டினிப் குறிவைப்பது என் கட்டியின் ஈஜிஎஃப்ஆர் மரபணுவில் எக்ஸான் 19 என்கிற பகுதியில் உள்ள பழுதைத்தான். ஆனாலும் நல்ல ஈஜிஎஃப்ஆரிலும் கொஞ்சம் கை வைத்துவிடும். இதே வகையில் முன்பு வந்த எர்லோட்டினிப் போன்ற மாத்திரைகள் தோலை இன்னும் மோசமாகப் படுத்துமாம்.

அதைக் கேட்டதிலிருந்து இந்த வலி மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. நகம் வலிக்கும்வரை மருந்து உள்ளே இருக்கிறது.

பிப்ரவரி 9
9 மணிக்குப் போட்டேனா இல்லையா? அட்டையை மூன்று முறை எண்ணினேன். போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 13
இருமல். இரண்டே இரண்டு தடவை. தூசியாக இருக்கும்.

பிப்ரவரி 14
தூசி இல்லை. வறட்டு இருமல், படியேறினால் வருகிறது. மருந்து ஆரம்பித்த அன்றே சொன்னார்கள்: புதிதாக இருமலோ மூச்சிரைப்போ வந்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள் என்று. மருந்தால் நுரையீரலே அழன்றுபோகலாம், அரிதுதான், ஆனால் உயிருக்கு ஆபத்து. அப்படி இருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே மாத்திரையை நிறுத்துவார்கள். உறுதியானால் திரும்பத் தரவே மாட்டார்கள். எனக்கு எல்லாம் நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. இந்த மாத்திரை வந்த பிறகுதான் முதுகுவலி விட்டது, நிமிர்ந்து படுத்தேன். அதை என் வாயால் சொல்லி நானே இழக்கவா? தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு இருமுகிறேன். இது தப்பு என்று தெரியும். தெரிந்தேதான் செய்கிறேன்.

பிப்ரவரி 15
கண்ணிமை முடி நீண்டு சுருண்டு வளர்ந்திருக்கிறது. இதுவும் மருந்தின் வேலையாம். ஒன்று உள்பக்கம் திரும்பிக் குத்துகிறது. தங்கை, "அழகா இருக்குக்கா" என்றாள்.

பிப்ரவரி 17
ஈசிஜி, ரத்தம், எடை. எடை 2 கிலோ குறைவு. டாக்டர் விரலைப் பிடித்துப் பார்த்தார். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து தினமும் கொஞ்ச நேரம் விரலை ஊறவைக்கச் சொன்னார், களிம்பு எழுதினார். அடங்காவிட்டால் 80 மி.கி.யை 40 ஆக்கலாம் என்றார். கையை இழுத்துக்கொண்டேன். "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?"
இல்லை என்றேன்.

பிப்ரவரி 18
"அக்கா, நீ ராத்திரி இருமுறது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்குது. நாலு நாளா நீயே சொல்லுவேன்னு காத்திருந்தேன்."
கத்தினேன். அவள் பதிலே பேசாமல் போனை எடுத்து டாக்டரிடம் சொல்லிவிட்டாள். இன்று மாத்திரை வேண்டாம், காலையில் முதல் வேலையாக சிடி ஸ்கேன், மூச்சு அதிகமாக வாங்கினால் இரவே அவசரப் பிரிவுக்கு வந்துவிட வேண்டும்.

அதே நாள், இரவு 9
பாதி மருந்து உடம்பை விட்டு வெளியேற ஏறக்குறைய 48 மணி நேரம் ஆகுமாம். அப்படியென்றால் நாளை மறுநாள் இரவும் பாதி இருக்கும். அட்டை மேஜை மேலேயே இருக்கிறது. தங்கை என் அறையிலேயே பாய் போட்டுப் படுத்துவிட்டாள். இருமல் வந்தது. அடக்கவில்லை. எழுந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

பிப்ரவரி 19
ஸ்கேன் முடிந்தது. சாயங்காலம் கூப்பிடுவார்கள்.

மணி 4. விரலை ஊறவைத்தேன். நேற்றைவிட வலி குறைவாக இருக்கிற மாதிரி தெரிகிறது. நகத்தின் ஓரத்தை அழுத்தி அழுத்திப் பார்க்கிறேன்.